ரம்புட்டான் கிளையில் தூங்கிய சேவல்

சேவல் மெரினாவுடையது. அதில் யாருக்கும் சந்தேகம் வேண்டாம். முட்டை அவள் கோழி போட்டது. தின்றது அவள் கைத் தீனி. வலது காலில் கட்டியிருந்த சிவப்பு நாடாகூட அவளுடைய பழைய பாவாடையில் கிழித்ததுதான். ஆனால் சாயங்காலம் ஆறு மணியானால் அந்த நன்றி கெட்ட பிறவி எங்கே போகிறது? பக்கத்துக் காம்பரா ஸ்டெபானியின் சமையல் குசினிக்குப் பின்னால் நிற்கிற ரம்புட்டான் மரத்துக்கு. போகிறதுதான் போகிறது, தனியாகவா போகிறது? மெரினாவின் இரண்டு பெட்டைகளையும் கூட்டிக்கொண்டு, கல்யாண வீட்டுக்குப் போகிற மாதிரி முன்னால் நடந்து போகிறது.

வயிறு எரியாமல் என்ன செய்யும்?

ஸ்டெபானி அந்நியம் இல்லை, ஓரகத்திதான். அண்ணன் ரெஜினோல்டைக் கட்டியவள் மெரினா, தம்பி சுதர்சனைக் கட்டியவள் ஸ்டெபானி. கஹவத்தையிலிருந்து பஸ்ஸில் அரை மணி நேரம் போனால் வருகிற ரப்பர் தோட்டத்தில், ஒரே லயத்தில், தோட்டத்து வரிசை வீடுகளில், அடுத்தடுத்த காம்பராவில் இருந்தார்கள். நடுவில் ஒரே ஒரு சுவர். இந்தப் பக்கம் மிளகாய் வறுத்தால் அந்தப் பக்கம் இருமுவார்கள்.

மெரினா எதையும் ஒழுங்காகச் செய்கிறவள். கொத்தி, சாணி போட்டு, கயிறு கட்டி அவள் ஏற்றிய பயத்தங்கொடி வாடிப் போகும். ஸ்டெபானி மீன் கழுவிய தண்ணீரோடு எறிந்த மிளகாய் விதை முளைத்துக் காய்த்துக் குலுங்கும். மெரினா ரப்பர்ப் பால் வெட்டப் போகும்போது தலை வாரிப் பூ வைத்தாலும் யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். ஸ்டெபானி கொண்டையை அள்ளி முடிந்துகொண்டு வந்தால், "என்ன ஸ்டெபானி, இன்னைக்கு அழகா இருக்க" என்பார்கள். பதினோரு வருசமாக இதே கதைதான். மெரினாவும் மனுசி தானே!

இருந்தாலும் இந்தச் சேவல் விசயம் அப்படி விட்டுவிடக்கூடியது இல்லை. அது தோட்டத்துக் கோயில் புனிதர் செபஸ்தியாருக்கு நேர்ந்த சேவல்.

போன ஜனவரியில் ரெஜினோல்ட் மழையில் ரப்பர்ப் பால் வாளியோடு மலைப்படியில் சறுக்கி விழுந்தான். முழங்காலுக்குக் கீழே எலும்பு இரண்டாக முறிந்துவிட்டது. இரத்தினபுரி ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டுப் போட்டார்கள். பழையபடி நடப்பானா என்று கேட்டால், பார்ப்போம் என்றார்கள். மெரினா நேராகத் தோட்டத்துக் கோயிலுக்குப் போய் முழங்காலில் நின்றாள். "செபஸ்தியாரே, இவர் கோலூன்றாம நடக்கணும். அடுத்த திருநாளுக்கு என் ஊட்டுல பொறந்து என் ஊட்டுல வளந்த சேவலைக் கொண்டாந்து உங்க காலடியில வைக்கிறேன்" என்று பொருத்தனை பண்ணினாள். 'என் ஊட்டுல' என்பதை இரண்டு முறை சொன்னாள்.

அப்போது அவளுடைய கோழி எதுவும் அடைக்குப் படுக்கவில்லை. ஸ்டெபானியின் புள்ளிக்கோழி மட்டும் அடையில் கிடந்தது. வேறு வழியில்லாமல் ஆறு முட்டையைக் கொண்டுபோய்க் கொடுத்தாள். லயத்தில் ஒரு பழக்கம் உண்டு. அடுத்தவர் கோழியின் கீழே முட்டை வைத்தால், மாறிப் போகாமல் இருக்க அடுப்புக்கரியால் ஒரு கோடு போட்டு வைப்பார்கள். மெரினா ஒரு கோடு போடவில்லை. ஒவ்வொரு முட்டைக்கும் சுற்றிவர மூன்று கோடு போட்டாள்.

"அக்கா, குஞ்சும் கோடு போட்டுக்கிட்டா பொரிச்சு வரப் போகுது?" என்று ஸ்டெபானி சிரித்தாள். மெரினா சிரிக்கவில்லை. பொரிக்கிற அன்றைக்கு வேலைக்குப் போகாமல் பக்கத்திலேயே குந்தியிருந்து, கோடு போட்ட ஓட்டிலிருந்து எது வெளியே வந்தது என்று பார்த்தாள். இரண்டு வந்தன. ஒன்றைப் பருந்து கொண்டுபோனது. மிச்சம் இந்தச் சேவல்.

ரெஜினோல்டின் கட்டு அவிழ்த்த பிறகு அவன் செய்த முதல் வேலை கோழிக்கூடு. காலை நீட்டி உட்கார்ந்தபடியே பலகை அறுத்து, ஆணி அடித்து, பத்து நாளில் முடித்தான். கூரைக்குக் கீழே நாலு பக்கமும் ஒரு சாண் இடைவெளி விட்டுக் கம்பிவலை அடித்தான். "கோழியும் மூச்சு விடணும்ல" என்றான். அந்தக் கூட்டைப் பார்க்கப் பார்க்க மெரினாவுக்குப் பூரிப்பு. அப்பேர்ப்பட்ட கூட்டில் தூங்காமல் ஒரு சேவல் மரத்தில் போய்த் தொங்கினால், அது கூட்டைக் கட்டியவனை அவமானப்படுத்துகிற மாதிரிதானே?

மார்கழி வந்தது. விடிகாலையில் ரப்பர் மரம் ஒன்றும் கண்ணுக்குத் தெரியாத அளவுக்குப் பனி. பால் வெட்டுகிற கத்தியைப் பிடித்தால் விரல் விறைத்துப் போகும். ரெஜினோல்டின் கால் அந்தக் குளிரில் குத்தத் தொடங்கியது. மெரினா சுவருக்கு இந்தப் பக்கமிருந்தே கத்தினாள்.

"அடியே ஸ்டெபானி! இந்தப் பனியில கோழிய மரத்துல தூங்க விட்டா வெறச்சு செத்துராதா? ஒன்னோடது எப்படியும் போகட்டும். என்னோடத வெரட்டி விடு!"

"வெரட்டினாலும் போக மாட்டேங்குதேக்கா. அது மேல எவ்வளவு எறகு! நம்மள விட அதுக்குத்தான் போர்வை ஜாஸ்தி. நனையாம இருந்தா போதும்" என்றாள் ஸ்டெபானி.

சொன்னதோடு நிற்கவில்லை. மறுநாள் சுதர்சனை மரத்தில் ஏற்றிக் கிளைக்கு மேலே ஒரு பழைய தகரத்தைக் கட்டவைத்தாள், மழை விழாமல் இருக்க. மரநாய் ஏறாமல் அடிமரத்தைச் சுற்றி இன்னொரு தகரம். கோழி ஏறிப்போக ஒரு மூங்கிலை வேறு சாய்த்து வைத்தாள், கோழி ஏறி முடிந்ததும் எடுத்துவிடுவாள். மெரினா எல்லாவற்றையும் குசினி ஓட்டை வழியாகப் பார்த்தாள். 'பாரு பாரு, என் சேவலை வளைச்சுப் போடுறதுக்கு மாளிகை கட்டுறா' என்று பல்லைக் கடித்தாள்.

ஜனவரி பத்தாம் தேதி கோயிலில் கொடியேற்றம். மறுநாள் பீலியில் தண்ணீர் பிடிக்கிற இடத்தில் பிலோமினம்மா, லயத்துக்கே வாய் அவள்தான், எல்லார் முன்னாலும் சொன்னாள்:

"காலுல செவப்பு நாடா கட்டின அந்த ஸ்டெபானி ஊட்டு சேவல் என்னமா வளந்திருக்கு! இந்த வருசம் செபஸ்தியாருக்கு யோகம்தான்."

ஸ்டெபானி ஊட்டு சேவல்!

மெரினாவின் வாளி நிரம்பி வழிந்து காலை நனைத்தது. அவள் கவனிக்கவில்லை. "அது என் சேவல்" என்று அவள் சொன்னது பீலிச் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. திரும்பச் சொல்ல ரோசம் விடவில்லை.

அன்றைக்கே முடிவு கட்டினாள். கூடு குளிர்கிறது, அதனால்தானே சேவல் வருவதில்லை? குளிராமல் பண்ணிவிட்டால் போயிற்று. மெரினாவுக்கு அது தெரியாத வேலையா? ரப்பர் மரத்தில் வெட்டின இடத்துக்கு மேலே, மழைத்தண்ணீர் வழிந்து பாலில் கலக்காமல் இருக்க, பொலித்தீனைப் பாவாடை மாதிரிச் சுற்றித் தார் பூசி ஒட்டுவார்கள். ரெயின்கார்ட் என்று பெயர். அந்த வேலையில் தோட்டத்திலேயே மெரினாவை அடிக்க ஆள் இல்லை. "மெரினா ஒட்டினா ஒரு சொட்டு எறங்காது" என்று மேற்பார்வை பார்க்கிற ஐயாவே சொல்வார். மிச்சம் கிடந்த பொலித்தீனையும் அரை டின் தாரையும் தூக்கிக்கொண்டு வந்தாள். நாலு பக்கமும் சுற்றினாள். பலகைச் சந்து ஒவ்வொன்றுக்கும் தார் வைத்தாள். கடைசியாகக் கூரைக்குக் கீழே இருந்த ஒரு சாண் இடைவெளியையும் இரண்டு மடிப்பாக மூடி ஒட்டினாள்.

"அந்த எடவெளிய விடு புள்ள" என்றான் ரெஜினோல்ட்.

"நீங்க சும்மா இருங்க. குளிரே அது வழியாத்தான் வருது."

பொழுது சாய்வதற்கு முன்னால் சேவலையும் இரண்டு பெட்டைகளையும் பிடித்து உள்ளே போட்டுக் கதவுக்குக் கொக்கி மாட்டினாள். ரம்புட்டான் மரத்தில் அன்றைக்கு ஸ்டெபானியின் கோழிகள் மட்டும். மெரினா வெகுநாளைக்குப் பிறகு இரண்டு பிடி சோறு கூடச் சாப்பிட்டாள்.

காலையில் திறந்தால், பொலித்தீனின் உட்பக்கம் முழுக்க ஈரம். எங்கோ ஒழுகுகிறது என்று நினைத்தாள். தேடித் தேடி இன்னும் தார் பூசினாள். பகலிலும் வெளியே விடவில்லை. விட்டால் சாயங்காலம் மரத்துக்கல்லவா போகும்? தீனியும் தண்ணீரும் உள்ளேயே வைத்தாள். மறுநாள் கூரையிலிருந்து சொட்டுச் சொட்டாக விழுந்தது. உள்ளே குனிந்தால் எச்சத்தின் காரம் கண்ணைக் கரித்தது. மூன்றாம் நாள் சேவல் கூவிய சத்தம் பாட்டரி தீர்ந்த ரேடியோ மாதிரிக் கரகரத்தது.

மழை பெய்யவில்லை. மெரினா ஒட்டினதில் தண்ணீர் இறங்க வழியே இல்லை. அப்படியானால் தண்ணீர் எங்கிருந்து வருகிறது? யாரோ ஊற்றுகிறார்கள். யார் ஊற்றுவார்கள்? கேட்க வேண்டுமா!

கொல்லைப்புறத்தில் நின்று சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஆரம்பித்தாள். "அடியே! செபஸ்தியாருக்கு நேந்த சேவல் கூட்டுல தண்ணி ஊத்துறியே, ஒனக்குக் கை அழுகாதா?"

ஸ்டெபானி கையில் தேங்காய்த் துருவலோடு வெளியே வந்தாள். "நான் எதுக்குக்கா தண்ணி ஊத்தணும்?"

"சேவல் ஒனக்கு வேணும், அதான். பூராப் பயலும் ஸ்டெபானி ஸ்டெபானின்னு சொல்றது போதலையா ஒனக்கு? சேவலும் வேணுமா?"

லயமே வாசலுக்கு வந்துவிட்டது. ஸ்டெபானியின் முகம் சிவந்தது. ஆனால் அவள் சத்தம் போடவில்லை. "அது கோழியோட மூச்சுத் தண்ணிக்கா. வெளிய போக வழியில்லாம உள்ளயே நிக்குது. பெரியத்தான் விட்ட அந்த எடவெளியத் தொறந்து விடுங்க."

"நீ சொல்லி நான் தொறக்கவா? இன்னொரு பொறப்பு எடுத்து வா!"

ஆனாலும் பயம் பிடித்துக்கொண்டது. மறுநாள் பால் வெட்டு முடிந்ததும் கஹவத்தைக்குப் பஸ் ஏறினாள். டவுனில் கோழித்தீனி விற்கிற றிஸாத்தின் கடைக்குத்தான் தோட்டத்து ஆட்கள் போவார்கள். அவனுக்குச் சொந்த ஊர் மாவனல்லை. சாமானும் கொடுப்பான், கேட்டால் நாலு வார்த்தையும் சொல்வான்.

"கரகரன்னு மூச்சு விடுது தம்பி. குளிர்தானே?"

"குளிர்ல கோழிக்கி ஒண்ணும் ஆகாது அக்கா. எங்கட உம்மா வளக்கிற கோழியெல்லாம் மாமரத்துலதான் தூங்குது, பனி பெஞ்சாலும் ஒண்ணும் ஆகல்ல. நனையக்கூடாது, மேல ஒரு தகரம். மரநாய் ஏறக்கூடாது, கீழ ஒரு தகரம். அவ்வளவுதான். ஈரத்தோட அடச்சு வெச்சாத்தான் கோழி சாகும். உங்கட கூட்டுல காத்து ஓடுதா?"

"ஓடுது" என்றாள் மெரினா. கூசாமல் சொன்னாள்.

அவன் கொடுத்த மருந்துத் தூளை முந்தானையில் முடிந்துகொண்டு பஸ்ஸில் உட்கார்ந்தாள். மேல ஒரு தகரம், கீழ ஒரு தகரம். ஸ்டெபானி கட்டியது அச்சாக அதே. படிக்கவுமில்லை, யாரையும் கேட்கவுமில்லை, அவளுக்கு மட்டும் எப்படி எல்லாம் சரியாக வருகிறது? இப்போது போய்க் கூட்டைத் திறந்தால் என்ன ஆகும்? சேவல் நேரே மரத்துக்குப் போகும். லயம் முழுக்கப் பார்க்கும். பிலோமினம்மா பார்ப்பாள். திருநாளுக்கு இன்னும் ஐந்தே நாள்தானே, தாங்காதா? அந்த யோசனை அவள் சொந்த யோசனை. சேவலைக் கொன்றது அதுதான்.

வந்ததும் பொலித்தீனில் ஒரே ஒரு இடத்தில், ஸ்டெபானிக்குத் தெரியாத பக்கமாக, இரண்டு விரல் அகலத்துக்குக் கிழித்து விட்டாள். மருந்தைத் தண்ணீரில் கலக்கி வைத்தாள்.

பதினெட்டாம் தேதி விடிந்தது. கூவல் கேட்கவில்லை.

மெரினா கொக்கியைக் கழற்றிக் கதவைத் திறந்தாள். மேலிருந்த தண்ணீர் சளாரென்று அவள் தலையில் கொட்டியது. பெட்டைகள் இரண்டும் கண் வீங்கி மூலையில் ஒடுங்கி நின்றன. சேவல் கீழே பக்கவாட்டில் கிடந்தது. நாடா கட்டின கால் மட்டும் நீட்டியிருந்தது.

அப்படியே குந்திவிட்டாள். அழுகை வரவில்லை. காம்பராவுக்குள் ரெஜினோல்ட் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு நடக்கிற சத்தம் கேட்டது. கோல் இல்லாத சத்தம். அந்தச் சத்தத்தைக் கேட்கத்தானே அவள் முழங்காலில் நின்றாள்! செபஸ்தியார் தன் பங்கைச் செய்துவிட்டார். இவள் அவருடைய சேவலைக் கொன்றுவிட்டாள். இனி அவர் அந்தக் காலைத் திருப்பிக் கேட்டால்?

சுவருக்கு அந்தப் பக்கம் ஸ்டெபானி விறகெடுக்க வந்தவள் நின்று பார்த்தாள். உள்ளே போய்விட்டாள்.

அன்று சாயங்காலம் ஸ்டெபானி ஒரு மூடின கூடையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். உள்ளே அவளுடைய ஒரே சேவல்.

"அந்த நாடா எங்கக்கா?"

மெரினா எடுத்துக் கொடுத்தாள். ஸ்டெபானி குனிந்து அதைத் தன் சேவலின் வலது காலில் கட்டினாள். "இது அதோட அப்பன்தான். ஒரே நெறம். யாருக்கும் வித்தியாசம் தெரியாது. பெரியத்தான் காலு நல்லா இருக்கணும், நமக்கு அதுதானே வேணும்."

"ஒனக்கு வேற சேவல் இல்லையே."

"பாத்துக்கலாம்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

அவள் ஒரு வார்த்தை குத்திப் பேசியிருக்கலாம். 'நான் அப்பவே சொன்னேன்ல' என்று சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் மெரினாவுக்கு நிம்மதியாகச் சண்டை போட்டிருக்க முடியும். நல்ல மனசிலும் இவள்தான் முந்த வேண்டுமா? இரவு முழுக்கக் கூடைக்குள் அந்தச் சேவல் அசையும் போதெல்லாம் மெரினா விழித்துக்கொண்டாள்.

இருபதாம் தேதி திருநாள். கோயில் முற்றம் கொள்ளாத கூட்டம். ரெஜினோல்ட் வெள்ளைச் சாரம் உடுத்தி, செபஸ்தியார் சுரூபத்தைத் தூக்குகிறவர்களோடு தோள் கொடுத்து, லயத்தைச் சுற்றிக் கோலில்லாமல் நடந்தான். பூசை முடிந்ததும் நேர்ச்சை கொண்டுவந்தவர்கள் வரிசையாக வந்து காலடியில் வைக்க, கோயில் சங்கத்துத் தலைவர் அருளப்பன் மைக்கில் பெயர் வாசித்தார். மெழுகுதிரிக் கட்டு, வாழைக்குலை, தேங்காய். மெரினா சேவலை வைத்தாள்.

"ரெஜினோல்ட், மெரினா குடும்பம். ஊட்டுல வளத்த சேவல் ஒன்னு."

"எம்மாம் பெரிசு!" என்றது கூட்டம். "மெரினா நல்லா வளத்திருக்கா" என்று பிலோமினம்மாவே சொன்னாள். பதினோரு வருசமாக மெரினா கேட்கக் காத்திருந்த வார்த்தை. அது காதில் விழுந்தது. பொலித்தீன் சுற்றின மாதிரி மூச்சு முட்டியது.

திரும்பிப் போனவள் வந்து மைக்கைப் பிடித்துக்கொண்டாள். அருளப்பன் பயந்து விட்டுவிட்டார்.

"அது ஸ்டெபானி ஊட்டு சேவல்" என்றாள்.

மைக் கீச்சென்று கத்தி அடங்கியது.

"என்னோடது செத்துப் போச்சு. யாரும் தண்ணி ஊத்தல. நான்தான் காத்த அடச்சுக் கொன்னேன். ஸ்டெபானி அதுக்குத் தூங்க எடம் குடுத்தா, நான் அது பொறுக்காமப் புடிச்சு அடச்சேன். செபஸ்தியாரே, உங்களுக்குத் தெரியும். இவங்களுக்கும் தெரியட்டும். என் கடன் அப்படியே நிக்குது. அடுத்த வருசம் தாரேன். அவர் காலு மேல கைய வச்சிராதீங்க."

சொல்லிவிட்டு மைக்கை அருளப்பன் கையில் திணித்தாள். கூட்டத்துக்குள்ளிருந்து ஸ்டெபானி பாய்ந்து வந்தாள். அவளை அவ்வளவு கோபத்தோடு மெரினா பார்த்ததே இல்லை. "ஏன்க்கா இப்படிப் பண்ணீங்க? நான் யார்கிட்டயாவது சொன்னேனா? என் புருசன்கிட்டகூடச் சொல்லல!" என்று கத்தியவள் அங்கேயே நின்று அழுதாள். என்ன செய்வதென்று தெரியாமல் மெரினாவும் பக்கத்தில் நின்றாள்.

ஒரு வாரம் போனது. ரப்பர் இலைகள் சிவந்து உதிரத் தொடங்கின. மெரினா கூட்டிலிருந்த பொலித்தீனை ஒன்றுவிடாமல் கிழித்துப் போட்டாள். ரெஜினோல்ட் விட்ட இடைவெளி வழியாக வெளிச்சம் உள்ளே விழுந்தது. பெட்டைகளின் கண் வீக்கம் வடிந்துவிட்டது. அவற்றை ஒரு சாயங்காலம் கையோடு தூக்கிக்கொண்டு ரம்புட்டான் மரத்தடிக்குப் போனாள். மூங்கில் சாய்த்தபடி இருந்தது. இறக்கி விட்டதும் இரண்டும் ஏறிப் போய்த் தகரத்துக்குக் கீழே உட்கார்ந்துகொண்டன. வயிற்றெரிச்சல் போய்விட்டது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அந்த மரத்தில் அவை எவ்வளவு வசதியாக உட்கார்ந்தன என்று பார்த்தபோது அவளுக்குக் கொஞ்சம் எரியத்தான் செய்தது.

குசினிக்குள் ஸ்டெபானியின் புள்ளிக்கோழி மறுபடி அடைக்குப் படுத்திருந்தது. மெரினா முந்தானையை அவிழ்த்தாள். நாலு முட்டை. சேவல் சாவதற்கு முந்தின வாரம் அவளுடைய பெட்டைகள் போட்டவை, அரிசிப் பானைக்குள் வைத்திருந்தாள்.

"இதையும் வையி."

ஸ்டெபானியின் முகம் மலர்ந்தது. அவளுடைய ஐந்து முட்டை ஏற்கெனவே கோழிக்கு அடியில் இருந்தது. "இருங்கக்கா, கரி எடுத்துட்டு வாரேன்" என்று அடுப்பங்கரைக்குத் திரும்பினாள்.

"கரி வேணாம்."

"அப்புறம் எது யாரோடதுன்னு எப்படிக்கா தெரியும்?"

மெரினா குனிந்து, கோழி கொத்தக் கொத்த, நாலு முட்டையையும் அந்த ஐந்தோடு கலந்து வைத்தாள்.

"தெரிய வேணாம்" என்றாள்.